கிலோவுக்கு எவ்வளவு? ஒரு மாத மளிகைக் குறிப்புகள்

மார்ச் 2, 2025, ஞாயிறு

மாதச் சாமான்கள் வாங்கி வந்தாயிற்று. ரசீதை மேசையில் விரித்துப் போன மாத ரசீதோடு ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தேன். பட்டியல் அதேதான், மொத்தம் மட்டும் ஏறியிருக்கிறது. எது ஏறியது என்று தேடினால் ஒன்றும் பெரிதாகச் சிக்கவில்லை. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம். பெருநகரத்தில் வாடகை ஏறினால் ஒரே நாளில் தெரிந்துவிடும், வீட்டில் பேச்சு நடக்கும். மளிகை அப்படி ஏறுவதில்லை. அதனால்தான் இந்த மாதம் கண்ணில் படுவதையெல்லாம் எழுதி வைக்கப் போகிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து டப்பாவில் கொட்டினேன். முன்பெல்லாம் மூடி அழுத்தி மூடுகிற அளவுக்கு நிறையும். இன்று மேலே இரண்டு விரல் இடம் காலி. பழைய உறை ஒன்று அலமாரியில் கிடந்தது, எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே நிறம், அதே உயரம், அதே விலை. பின்பக்க மடிப்புக்குக் கீழே பொடி எழுத்தில் மட்டும் 200 கிராம் 180 ஆகியிருக்கிறது.

பத்து சதவீதம் குறைத்தால் பத்து சதவீதம் விலையேற்றம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் 11 சதவீதத்துக்கும் கொஞ்சம் கூடவே வருகிறது. விலையை நேராக ஏற்றியிருந்தால் வாங்குவதா வேண்டாமா என்று நாம் முடிவு செய்திருப்போம். எடையைக் குறைக்கும்போது அந்த முடிவை நம் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறார்கள். சட்டப்படி எடை அச்சாகியிருக்கிறது, அது சரி. ஆனாலும் இது நேர்மையான வியாபாரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பிரான்ஸில் 2024 ஜூலை 1 முதல் இதற்கு ஒரு விதி வந்திருக்கிறது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள், அளவு குறைந்து கிலோ விலை கூடிய பொருளுக்குப் பக்கத்திலேயே அதை எழுதி வைக்க வேண்டும், இரண்டு மாதத்துக்கு. எல்லா ஊருக்கும் வர வேண்டிய விதி இது.

மார்ச் 9, ஞாயிறு

மாடியில் குடியிருக்கும் அக்கா சமையல் எண்ணெயை எப்போதும் சின்னப் பாக்கெட்டாகத்தான் வாங்குவார். இன்று படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் கையிலிருந்த பாக்கெட்டையும் என் வீட்டுப் பெரிய கேனையும் வைத்து லிட்டருக்கு என்ன விலை என்று போட்டுப் பார்த்தேன். அதே எண்ணெய், அதே கம்பெனி. அவர் லிட்டருக்கு என்னைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம் கொடுக்கிறார்.

சொன்னேன். அவர் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை. "தெரியும்மா. மொத்தமா வாங்க மொத்தமாப் பணம் வேணும்ல?" என்றார்.

அன்றாடக் கூலி வருகிற வீட்டில் மாத சாமான் என்ற பேச்சே கிடையாது. ஒற்றை அறையில் மூட்டையை எங்கே வைப்பது? குளிர்பெட்டி இல்லாவிட்டால் நாளைக்கான பாலை இன்றைக்கே வாங்க முடியாது. மலிவான மொத்தக் கடை ஊரின் மறுகோடியில் இருக்கும், போய்வர ஆகும் பஸ் காசில் மிச்சம் கரைந்துவிடும். சிக்கனம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் "மொத்தமாக வாங்குங்கள்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார்கள். அதற்கு முன்பணமும் இடமும் வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. கையில் குறைவாக இருப்பவர்தான் கிராமுக்கு அதிகம் கொடுக்கிறார் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பெரிய பொட்டலம் என்றால் எப்போதும் மலிவு என்பதும் இல்லை. இன்று சோப்புத்தூள் அடுக்கில் பார்த்தேன். "குடும்பப் பொட்டலம்" என்று பெரிதாக எழுதியிருந்தது, கிலோவுக்குக் கணக்கிட்டால் அதற்கடுத்த சின்ன அளவைவிட விலை கூட. பெரிதென்றால் மலிவாகத்தான் இருக்கும் என்ற நம் நம்பிக்கைக்கு வைத்த விலை அது.

மூன்று அளவு, மூன்று விலை, ஒன்றில் "20 சதவீதம் கூடுதல்", இன்னொன்றில் "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்". இடுப்பில் குழந்தையோடு நிற்கிறவர் எப்படிக் கணக்குப் போடுவார்? விலைச் சீட்டிலேயே கிலோவுக்கு, லிட்டருக்கு எவ்வளவு என்று போட்டுவிட்டால் தீர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1998லேயே இதற்குப் பொதுச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் பெரிய மளிகைக் கடைகளுக்கு 2009இல் கட்டாயமானது. கடைக்காரருக்குப் பெரிய செலவும் இல்லை, சீட்டு எப்படியும் அச்சாகிறது. எழுத்து மட்டும் எட்டி நின்று படிக்கிற அளவில் இருக்க வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

செய்தியில் "பணவீக்கம் குறைந்தது" என்றார்கள். அலுவலகத்தில் ஒருவர், "அப்போ விலை இறங்கும்" என்று சந்தோஷப்பட்டார். இறங்காது. ஏறுகிற வேகம்தான் குறைகிறது. ஒரு வருஷம் 10 சதவீதம் ஏறி, அடுத்த வருஷம் 3 சதவீதம் ஏறினால் பணவீக்கம் குறைந்ததாகத்தான் கணக்கு. ஆனால் 100க்கு வாங்கியது 113ஐத் தாண்டியிருக்கும்.

இன்னொன்று, அந்த எண் எல்லா வீடுகளின் செலவையும் சேர்த்துக் கலந்த சராசரி. இன்றைய ஜெர்மனியில் இருக்கும் சாக்ஸனியின் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857இல், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை அலசி ஒன்று சொன்னார்: வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும். வருமானத்தில் பாதியைச் சாப்பாட்டுக்குச் செலவழிக்கிற வீட்டுக்கும் பத்தில் ஒரு பங்கு செலவழிக்கிற வீட்டுக்கும் ஒரே எண்ணை எப்படிப் பொருத்துவது?

மார்ச் 18, செவ்வாய்

மழை. காய்கறி வரத்து கொஞ்சம் குறைந்தது, விலை எகிறிவிட்டது. வரத்து குறைந்த அளவுக்குத்தானே விலை ஏற வேண்டும் என்று வரிசையில் ஒருவர் வாதாடிக்கொண்டிருந்தார். நியாயமாகத்தான் படும், ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் அப்படி நடப்பதில்லை. இங்கிலாந்தில் சார்லஸ் டேவனன்ட் என்ற பொருளியல் எழுத்தாளர் 1699இல் அச்சிட்ட ஒரு கணக்கில், விளைச்சல் பத்தில் ஒன்று குறைந்தால் தானிய விலை பத்தில் மூன்று ஏறும், பாதி குறைந்தால் நாலரை மடங்கு கூடும் என்று இருக்கிறது. பசியைத் தள்ளிப்போட முடியாது, அதனால் இருக்கிற கொஞ்சத்துக்கு எல்லோரும் போட்டி போடுகிறார்கள்.

மார்ச் 25, செவ்வாய்

எண்ணெய் விலை பற்றி மறுபடியும். உக்ரைன் போர் தொடங்கியதும், 2022 மார்ச்சில், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் உணவு விலைக் குறியீடு 160ஐ ஒட்டி, அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது (2014–16 சராசரி விலையை 100 என்று வைத்துப் போடும் கணக்கு அது). அப்புறம் அது நன்றாகவே இறங்கியது. கடை அடுக்கில் அந்த இறக்கம் எங்கே?

ஒரு பகுதி விடை, நாம் கொடுப்பதில் விளைபொருளின் பங்கு சிறியது என்பது. அமெரிக்காவில் சாப்பாட்டுக்குச் செலவாகும் ஒரு டாலரில் விவசாயிக்குப் போவது 15 சென்ட்டை ஒட்டித்தான். மிச்சமெல்லாம் அரைப்பது, அடைப்பது, லாரி, மின்சாரம், கடை வாடகை, கூலி. இவை ஒருமுறை ஏறினால் லேசில் இறங்குவதில்லை. இன்னொரு பகுதி, கொடுத்துப் பழகிவிட்டோம் என்று கடைக்கும் கம்பெனிக்கும் தெரியும். ஏற்றும்போது உலக விலையைக் காட்டியவர்கள் இறங்கும்போதும் அதைக் காட்ட வேண்டும். இதைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

மாடி அக்காவும் எதிர்வீட்டுக்காரரும் நாங்களும் சேர்ந்து ஒரு மூட்டை தானியம் எடுத்தோம். மூட்டைக்கான பணத்தை இரண்டு வீடு முதலில் போட்டது. அக்கா தன் பங்கை வாரா வாரம் தருவதாக ஏற்பாடு. வராந்தாவில் பழைய செய்தித்தாள் விரித்து, தராசு வைத்து, எல்லோர் கண் முன்னாலும் நிறுத்துப் பிரித்தோம். கொட்டும்போது சிந்தியதைக்கூட அக்கா கூட்டி எடுத்து மறுபடி தராசில் போட்டார். வண்டிக்கூலியையும் பங்கு போட்ட பிறகு, அவர் வழக்கமாகக் கொடுக்கும் கிலோ விலையில் ஆறில் ஒரு பங்கு மிச்சம்.

எண்ணெயையும் இப்படி எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். பெரிய தகர டின்னைத் திறந்து ஊற்றினால் காற்று பட்டுச் சிக்கு வாடை வந்துவிடும். அன்றைக்கே பிரித்து, வாய்வரை நிரப்பி இறுக மூடி, வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். அடுத்த மாதம் ஒரு டின் மட்டும் எடுத்துப் பார்ப்பதாக முடிவு. ஈரமில்லாத பாட்டில்களை அவரவர் கொண்டுவர வேண்டும்.