பாதை ஏறிப் போன ஞாயிறு

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தங்கச்சி தைக்கக் கொடுத்த சட்டையை எடுக்க மட்டக்களப்புக் கல்லடிக்குப் போனால் கடை பூட்டு. "வந்தது வந்தம், கொஞ்சத் தூரம் போவம் அக்கா" என்றாள். ஸ்கூட்டியைக் கல்முனை வீதியில் விட்டேன்.

பஸ்ஸில் எத்தனையோ தடவை கடந்த களுதாவளையில் அன்றுதான் இறங்கினேன். வெற்றிலைக் கொடிகளுக்கு இடையே நிற்க உடம்பு குளிர்ந்தது. அம்மாவுக்கென்று ஒரு கட்டு வெற்றிலை வாங்கினோம். அப்புறம் களுவாஞ்சிக்குடி தாண்டிக் குருமண்வெளித் துறைக்குப் போக, பாதை புறப்படத் தயாராக நின்றது. வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். யோசிக்காமல் ஏறிவிட்டோம். கிழக்கே எழுவான்கரையின் தென்னைகள் சிறுத்துப் போக, மேற்கே படுவான்கரை மெல்லக் கிட்ட வந்தது. அந்தச் சில நிமிடங்களுக்காகவே நான் திரும்பவும் இப்படிப் போவேன்.

மண்டூர் முருகன் கோயில் நடை சாத்தியிருந்தது. பூசகர் வாயைத் துணியால் கட்டிப் பூசை செய்யும் அந்தக் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்போம். நேரம் விசாரித்து வந்திருந்தால் கும்பிட்டிருக்கலாம். எனக்கு உண்மையாகவே மனம் நொந்தது.

வெள்ளாவெளிப் பக்கம் போகும்போது பின் டயர் காற்றுப் போனது. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல், தலைக்கு மேல் வெயில், போனில் சார்ஜ் இல்லை. ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். தங்கச்சி அழத் தொடங்கிவிட்டாள். போவம் என்று சொன்னது தான்தானே என்று.

ஒரு வளவுக்குள் இருந்து வயதான அம்மா ஒருவர் கூப்பிட்டார். "வெயிலுக்குள்ள எங்க மனே போறீங்க? வாங்க." தண்ணீர் தந்தார், சோறும் எருமைத் தயிரும் தந்தார். அவருடைய மகன் சில்லைக் கழற்றிக்கொண்டு போய் ஒட்டிக்கொண்டு வரப் பொழுது சரிந்துவிட்டது. காசு நீட்டினேன், வாங்கவே இல்லை. வெற்றிலைக் கட்டைக் கொடுத்தேன். "களுதாவளை வெத்திலையா!" என்று முகர்ந்து பார்த்தார். "யானை வாற நேரம், நிற்காமப் போங்க" என்று படலை வரை வந்தார்.

பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி வீட்டுக்கு வர இரவு எட்டு மணி. அம்மா வாசலில் நின்றா. பகல் சோறு சட்டியில் அப்படியே இருந்தது. எங்களுக்குக் கிடைத்த அந்த நாளின் விலையை அவதான் கட்டியிருக்கிறா. "எந்தக் கரையில நிக்கிறீங்க எண்டாவது சொல்ல வேணாமா?" என்று கேட்டா. இனிச் சொல்லாமல் போவதில்லை.

சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னோம். தயிர்ச் சோறு வரை பேசாமல் கேட்டா.

"மறுகா? அந்த மனுசிக்கு என்ன குடுத்தீங்க?"

"உங்களுக்கு வாங்கின வெத்திலை."

"ஒரு கட்டு மட்டுமா?"