லீவரைத் தட்டினால் டி

என் பேஸ் கிட்டாரின் ஈ சுரத்துக் கம்பிக்கு ஹிப்ஷாட் எக்ஸ்டெண்டர், அதாவது லீவரைத் தட்டினால் சுருதியை டி சுரத்துக்கு இறக்கும் முறுக்காணி, மாட்டி ஒரு வருஷமாகிறது. அதற்கு முன்பெல்லாம் இரண்டு பாட்டுக்கு நடுவே குனிந்து டியூனரைத் திருகிக்கொண்டிருப்பேன். டிரம்மர் குச்சியைச் சுழற்றியபடி முறைப்பார். இப்போது லீவரை ஒரு தட்டு, 41.2 ஹெர்ட்ஸ் ஈ, 36.7 ஹெர்ட்ஸ் டி ஆகிவிடும்.

சுருதி சேர்க்க வரிசை உண்டு. முதலில் லீவர் சாதாரண நிலையில் இருக்க ஈ-யைச் சேர்க்கணும். பிறகு தட்டிவிட்டு, அதிலுள்ள சின்னத் திருகால் டி. நான் முதல் வாரம் தலைகீழாகச் செய்து இரண்டையும் கெடுத்தேன்.

அப்புறம் இன்னொரு தொல்லை. டி-யிலிருந்து திரும்பினால் ஈ கொஞ்சம் இறங்கியே நிற்கும். கருவியைத்தான் திட்டினேன், பாவம். குற்றவாளி நட், கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதிந்து செல்லும் துண்டு: அதன் குறுகலான பள்ளம் கம்பியைக் கவ்விக்கொண்டிருந்தது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தேன், சரியாகிவிட்டது.

டி-யில் கம்பியின் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறையும். பழைய வேகத்தில் அடித்தால் கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டையான ஃபிரெட்டில் சடசடவென்று மோதும்; விரலை அடக்கணும். இந்தக் கம்பியில் மூன்றாம் ஃபிரெட்டில் இருந்த ஜி சுரம் ஐந்தாவதுக்குப் போய்விடும். போன ஒத்திகையிலும் அதை மறந்தேன். டிரம்மர் மறுபடி முறைத்தார்.