கத்திரி வெயிலிலும் காயாத சுவர்

வேளச்சேரியில் இரண்டாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில், 2024 ஜனவரியில் போகிக்காக ஒட்டடை அடித்தபோதுதான் அம்மாவின் அறையில் இருந்த இரும்பு பீரோவை நகர்த்தினோம். அதற்குப் பின்னால் பரணின் அடிப்பக்கத்திலிருந்து இடுப்பு உயரம் வரை சுவர் கருத்துப் போயிருந்தது. பரணில் வைத்திருந்த கொலு பொம்மைகளில் மண் பொம்மைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காகிதக்கூழ் பொம்மைகள் ஐந்தின் மீது மட்டும் சாம்பல் நிறத்தில் மெல்லிய பூஞ்சணம் படர்ந்திருந்தது. சில மாதங்களாக அந்த அறையில் நுழைந்ததும் ஈரச் சாக்கு வாடை வீசுகிறது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்ததை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முந்தைய மாதம்தான் மிக்ஜாம் புயல் வந்து போயிருந்ததால், பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள். மழை ஓதம், வெயில் வந்தால் காய்ந்துவிடும் என்றார் பெயிண்டர். கொத்தனாரோ இது பூஞ்சணமே இல்லை, சுவரில் உப்பு பூத்திருக்கிறது என்றார். அதில் பாதி உண்மை இருந்தது. ஈர விரலை வைத்துத் தேய்த்தபோது கீழ் ஓரத்தில் இருந்த வெள்ளைப் பொடி கரைந்து மறைந்தது, ஆகவே அது உப்பு. மேலே இருந்த கரும்புள்ளிகள் கரையாமல் கறையாக இழுபட்டன, ஆகவே அவை பூஞ்சணம். ஒரே சுவரில் இரண்டும் இருப்பது வியப்பில்லை, இரண்டுமே ஈரத்தைத் தொடர்ந்து வருபவைதாம்.

பிறகு நான் செய்தது முழுத் தவறு. பிளீச்சிங் பவுடரைக் கரைத்துச் சுவரைத் துடைத்து, பூஞ்சணத்தை எதிர்க்கும் என்று டப்பாவில் அச்சிட்டிருந்த பெயிண்டை இரண்டு கை அடிக்கச் சொன்னேன். பிளீச்சிங் கரைசல் கறையின் நிறத்தை வெளுத்ததே தவிர, பூச்சுக்குள் இருந்த ஈரத்தை எதுவும் செய்யவில்லை. அதன் மேல் ஏறிய பட்டிப் பூச்சும் பெயிண்டும் அந்த ஈரத்தை வெளியேற விடாமல் மூடிவிட்டன. (துடைக்கும்போது கழிவறை ஆசிட்டையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம் என்று உதவிக்கு வந்த உறவினர் சொன்னார். நல்ல வேளையாகத் தடுத்துவிட்டேன். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.) ஏப்ரல் கடைசியில் பெயிண்ட் கொப்புளித்தது. மே முதல் வாரம், கத்திரி வெயில் தொடங்கி ஊரே காய்ந்து கிடந்தபோது, கரும்புள்ளிகள் அதே இடத்தில் திரும்பி வந்தன. டிசம்பர் மழையின் ஈரம் மே மாதம் வரை அங்கே நிற்க முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மாவுக்கு இரவில் இழுப்பு அதிகமாகியிருந்தது. பூஞ்சணம் ஒவ்வாமையைத் தூண்டக்கூடும், ஆனால் இதற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, எப்படியானாலும் அந்த அறையில் படுக்க வேண்டாம் என்றார் மருத்துவர். அம்மாவின் கட்டிலைக் கூடத்திற்கு மாற்றினோம்.

நம் ஊரில் பூஞ்சண ஆய்வு என்பது தனித் தொழிலாக இன்னும் பரவலாக அறியப்படவில்லை. விசாரித்தால் கிடைப்பவர்கள் பெரும்பாலும் நீர்க்கசிவுத் தடுப்பு வேலை செய்பவர்கள். அப்படி இலவச ஆய்வுக்கு வந்த ஒருவர், சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, வெளிச்சுவர் முழுவதற்கும் இரசாயனப் பூச்சு அடிக்க அறுபத்திரண்டாயிரம் ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் கறை இருந்ததோ குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள உட்சுவரில். அதைச் சுட்டிக்காட்டியும் அவர் தொகையை மாற்றவில்லை.

அடுத்து ஓர் ஆய்வகத்தை அழைத்து, காற்றிலும் சுவரிலும் மாதிரி எடுக்கச் சொல்லி நான்காயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்தேன். பத்து நாள் கழித்து வந்த அறிக்கையில் ஆஸ்பர்ஜில்லஸ், கிளாடோஸ்போரியம் என்ற பெயர்கள் இருந்தன. இரண்டும் வெளிக்காற்றில் எங்கும் இருக்கும் வகைகள். அறிக்கை பொய்யில்லை, ஆனால் எனக்கு வேண்டிய விடை அதில் இல்லை. பூஞ்சணம் கண்ணுக்கே தெரியும்போது பெரும்பாலும் மாதிரி எடுக்கத் தேவையில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்வதையும், வித்துகளின் அளவுக்கு அந்த நாட்டில்கூட அரசு வரம்பு வகுக்கவில்லை என்பதையும் பணம் கொடுத்த பிறகே படித்தேன். எந்தப் பூஞ்சணம் என்று கேட்டதற்குப் பதிலாக, எந்தத் தண்ணீர் என்று கேட்டிருக்க வேண்டும்.

அதைக் கேட்டவர், அலுவலக நண்பர் மூலமாக ஜூன் மாதம் வந்த ஓய்வு பெற்ற கட்டடப் பொறியாளர். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டணம், எந்தப் பொருளையும் விற்பதில்லை என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். ஊசி முனை கொண்ட ஈரப்பதமானியைச் சுவரில் ஓரடிக்கு ஓரிடமாகக் குத்தி, பென்சிலால் எண்களைச் சுவரிலேயே எழுதிக்கொண்டே போனார். அந்தக் கருவி மரத்துக்காக அளவு செய்யப்பட்டது, ஆகவே சிமெண்ட் பூச்சில் அது காட்டும் எண்ணை உண்மையான ஈர அளவாகக் கொள்ளக் கூடாது, காய்ந்த சுவரோடு ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே உதவும் என்று விளக்கினார். கூடத்துச் சுவரில் 13 காட்டிய கருவி, பரணுக்கு மேலே உத்தரத்தை ஒட்டி 30-ஐத் தாண்டியது. கீழே வரவர எண் குறைந்தது. வெப்பப் படக்கருவியிலும் அந்த மூலைதான் குளிர்ந்த திட்டாகத் தெரிந்தது. ஈரம் ஆவியாகும் இடம் குளிர்வதைத்தான் கருவி காட்டுகிறது, ஈரத்தை நேரடியாகக் காட்டுவதில்லை என்றார்.

பிறகு அவர் கேட்ட கேள்வியை வேறு யாரும் கேட்டிருக்கவில்லை: "மேல் வீடு எப்போதாவது பூட்டிக் கிடந்ததா?" கோடை விடுமுறையில் மாடிக் குடித்தனக்காரர்கள் பன்னிரண்டு நாள் ஊருக்குப் போயிருந்தார்கள்; அந்த நாட்களில் கறை வெளிறியிருந்ததை அம்மாதான் நினைவுகூர்ந்தார். தண்ணீர் வரும் குழாயில் கசிவு என்றால் வீடு பூட்டியிருந்தாலும் நிற்காது. பயன்படுத்தும்போது மட்டும் கசிகிறது என்றால் கழிவுநீர்ப் பக்கம் என்று அவர் முடிவுக்கு வந்தார்.

மேல் வீட்டின் உரிமையாளர் கோயம்புத்தூரில் இருக்கிறார். தண்ணீர் கீழேதானே இறங்கும், அதற்கு நான் என்ன செய்ய என்று முதலில் சொன்னவரை, குடியிருப்புச் சங்கச் செயலாளர் பேசித்தான் சோதனைக்கு இணங்க வைத்தார். குடித்தனக்காரப் பெண்மணி, "இதுக்குப் போய் இவ்வளவு பேசணுமா சார், வந்து பாருங்க" என்று உடனே கதவைத் திறந்துவிட்டார். குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் வாயான நஹானி ட்ராப்பைத் துணியாலும் மண் மூட்டையாலும் அடைத்து, இரண்டு விரற்கடை உயரத்திற்குத் தண்ணீர் தேக்கி, அதில் கேசரிப் பவுடரைக் கரைத்தோம். இருபத்து நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று பொறியாளர் சொல்லியிருந்தார். ஒன்பதாவது மணி நேரத்திலேயே, எங்கள் குளியலறைக் கூரையில் குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. அதைப் படம் எடுத்து அனுப்பிய பிறகு கோயம்புத்தூரிலிருந்து வாதம் எழவில்லை.

ஜூலையில் மேலே தரையைக் கொத்தி ட்ராப்பை மாற்றி, ஓடுகளின் இடுக்குகளை எபாக்ஸி என்ற நீர் புகாத பசையால் அடைத்தார்கள். செலவை உரிமையாளர் ஏற்றார். எங்கள் பக்கத்தில், என்-95 முகக்கவசம் அணிந்து, கதவிடுக்கைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, கறை படிந்த பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்தோம். புதுப் பூச்சுக்கு அவசரப்பட்ட கொத்தனாரை ஆறு வாரம் நிறுத்தி வைத்தது எனக்கே ஆச்சரியம். மின்விசிறியை ஓடவிட்டு, வாரம் ஒருமுறை அளந்து, எண் கூடத்துச் சுவரின் அருகில் வந்த பிறகே பூசினோம்.

அக்டோபர் நடுவில் கனமழை எச்சரிக்கை வந்து, எங்கள் பகுதிக்காரர்கள் கார்களை வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியிருந்த நாட்களில் மீண்டும் அளந்து பார்த்தேன்: கூடத்தில் 14, அந்த மூலையில் 15. பீரோ இப்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. காகிதக்கூழ் பொம்மைகள் ஐந்தையும் எறிந்துவிட்டோம். அம்மா மட்டும் இன்னும் கூடத்தில்தான் படுக்கிறார். இந்த மழைக்காலம் முழுதாகக் கழியட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார்.