பத்துக் குறளில் எதுகை தேடும் நிரல்

பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. பயிற்சிக் கணக்குகளில் மனம் ஒட்டவில்லை. அதனால் எனக்குப் பிடித்த திருக்குறளையே எடுத்துக்கொண்டேன். குறளின் இரண்டு அடிகளிலும் முதல் சீரை எடுத்து, இரண்டாம் எழுத்து ஒன்றுதானா என்று பார்க்கும் சிறிய நிரல். அகர, பகவன் என்றால் இரண்டிலும் க, எதுகை உண்டு. இதற்காகப் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நிறுவும் வேலை ஒரே மாலையில் முடிந்தது.

கடவுள் வாழ்த்தின் பத்துக் குறள்களைக் கொடுத்து ஓட்டினேன். மூன்றுதான் தேறின: முதல் இரண்டும் ஏழாவதும். மலர்மிசை, நிலமிசை என்று படிக்கும்போதே காதில் ஒலிக்கும் எதுகையை நிரல் இல்லை என்றது. இரண்டாம் எழுத்தைத் திரையில் அச்சிட்டுப் பார்த்தேன். மலர்மிசைக்கு ல வந்தது. நிலமிசைக்கு வெறும் இகரக் குறி வந்தது. கணினி எழுத்துகளுக்கு எண் தரும் குறியீட்டு முறையான யூனிக்கோடு 'நி'யை நகரம், இகரக் குறி என்று இரண்டாகச் சேமிக்கிறது. பைத்தான் எண்ணுவது அவற்றைத்தான். 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து. தேறிய மூன்றும்கூட, முதல் எழுத்து குறி ஏதும் ஏறாததாக இருந்ததால் தேறியவையே.

இந்தச் சிக்கலை யாரேனும் தீர்த்திருப்பார்கள் என்று தேடியபோது ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நூலகம், அதாவது யாரும் படிக்கவும் மாற்றவும் கூடிய ஆயத்த நிரல்களின் தொகுப்பு, கிடைத்தது. பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப் கட்டளையால் நிறுவப் போனால், இயங்குதளத்தின் பைத்தானைத் தொடாதே என்று பிழைச் செய்தி வந்தது. 'வென்வ்' என்ற பைத்தான் கருவி கொண்டு தனிச் சூழல் உருவாக்கி அதற்குள் நிறுவ வேண்டும். புதிதாக வருபவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

ஓப்பன்-தமிழிலுள்ள 'கெட்_லெட்டர்ஸ்' என்ற செயற்கூறு சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருகிறது. மீண்டும் ஓட்டினேன்: பத்தில் எட்டு. அது எப்படிச் செய்கிறது என்று மூலநிரலைத் திறந்து படித்தேன். உயிரோ அகரமேறிய மெய்யோ வந்தால் புது எழுத்து. குறி வந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டு. அவ்வளவுதான். இரண்டு மாதப் பைத்தானை வைத்துக்கொண்டு இன்னொருவரின் நிரலைப் படித்துப் புரிந்துகொண்ட அந்தக் கால் மணி நேரம் எனக்கு மிகப் பெரிது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தை அறிவித்ததைப் படித்திருக்கிறேன். கட்டற்ற மென்பொருள் தரும் 'ஆராயும் சுதந்திரம்' என்பதன் பொருள் அன்றுதான் கைக்கு எட்டியது.

மீதி இரண்டு, ஒன்பதும் பத்தும். கோளில், தாளை: ளி, ளை. பிறவி, இறைவன்: ற, றை. இங்கே பிழை நிரலில் இல்லை, நான் கொடுத்த விதியில்தான். மெய் ஒன்றாக இருந்து உயிர் மாறினால் வருக்க எதுகை என்று யாப்பிலக்கணம் ஏற்கிறது. உயிர்மெய்யைப் பிரிக்கும் வசதியும் அதே நூலகத்தில் உண்டு. மெய்யை மட்டும் ஒப்பிட்டேன். பத்துக்குப் பத்து.

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில் நிரலை ஏற்றி, குனு திட்டத்தின் கட்டற்ற மென்பொருள் உரிமமான ஜிபிஎல்லைச் சேர்த்துவிட்டேன். அடுத்து 1330 குறளையும் கொடுக்க வேண்டும். அதற்குமுன் ஒரு வேலை பாக்கி. 'பொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, பைத்தானுக்கு வெவ்வேறு. பைத்தானோடு வரும் 'யூனிக்கோட்டேட்டா' தொகுதியால் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் வான்சிறப்புக்குப் போகப்போகிறேன்.