கிடார் செய்யும் படிப்பு: மதிப்பீட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இங்கிலாந்தில் எலக்ட்ரிக் கிடார் செய்யும் ஒரு வருடப் படிப்பை முடித்தேன். அதில் சேர நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த மரம் வாங்கலாம் என்பதுதான். லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சை அடிக்கும் தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், மரம் அப்புறம் என்பேன். விளையாட்டுக்குச் சொல்வதில்லை. வருடக் கடைசியில் கிடாரை மேஜைமேல் வைத்து மார்க் போடுவார்கள், கூடவே வேலைக் குறிப்பேட்டையும் பார்ப்பார்கள், அரை மணி நேரம் வைவா என்ற வாய்மொழித் தேர்வும் உண்டு. அங்கே மார்க் குறைகிறவர்களில் பலருக்கு மர வேலை நன்றாகத்தான் இருக்கும், பூச்சுக்குத்தான் நாள் போதாமல் போயிருக்கும்.

நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சீக்கிரமே வந்துவிடும். ஆனால் உள்ளே இருக்கும் தின்னர் வெளியேறப் பல வாரங்கள் பிடிக்கும், அதுவரை பூச்சு சுருங்கிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டு பாலிஷ் போட்டால் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி மின்னும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் மரத்தின் துளைகளும் ரேகைகளும் மேலே தெரிய ஆரம்பித்திருக்கும். அதனால் மதிப்பீட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: பாலிஷ், ஃப்ரெட் (விரல் வைக்கும் பகுதியில் பதிக்கும் உலோகக் கம்பிகள்) வேலை, ஒயரிங் எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு வாரம், அதற்கு முன் லாக்கர் காய ஒரு மாதம், அதற்கும் முன் லாக்கர் அடிக்க ஒரு வாரம். மர வேலைக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று அப்போதுதான் புரியும். அவ்வளவு நாள் கையில் இல்லையென்றால் டேனிஷ் ஆயில் மாதிரி எண்ணெய்ப் பூச்சுக்குப் போங்கள், துணியால் மெல்லிசாகத் தடவித் துடைத்தால் போதும். எந்தப் பூச்சு என்பதற்கு எங்கள் படிப்பில் மார்க் கிடையாது, அதை எப்படிச் செய்திருக்கிறீர்கள் என்பதற்குத்தான்.

எந்த மாடல்? முதல் கிடார் என்றால் டெலிகாஸ்டர் வகை. 1950-இல் ஃபெண்டர் அதை பிராட்காஸ்டர் என்ற பெயரில் கொண்டுவந்தபோதே வேகமாகச் செய்ய வசதியாகத்தான் வடிவமைத்திருந்தார்கள். தட்டையான பலகையில் பாடி, நான்கு திருகில் நிற்கும் நெக் (விரலால் தந்தியை அழுத்தும் நீண்ட கழுத்துப் பகுதி), நெக்குக்குச் சாய்வு கிடையாது. 1952-இல் கிப்சன் கொண்டுவந்த லெஸ் பால் அப்படியில்லை. மேற்பரப்பு வளைவாகச் செதுக்கியது, நெக் பசையால் ஒட்டியது, அதுவும் சில டிகிரி சாய்வாக உட்கார வேண்டும். அந்தக் கோணம் கொஞ்சம் பிசகினாலும் பாடியில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் உயரம் சரியாக வராது. ஆசைப்பட்டு லெஸ் பால் எடுத்த வகுப்புத் தோழர் ஒருவர் அந்த ஒரு இணைப்போடேயே குளிர்காலத்தை ஓட்டினார்.

மரத்தைக் குடையும் மின்கருவியான ரவுட்டர் வேலையில் சொல்ல நிறைய உண்டு, முக்கியமானது மூன்று. பாடியை பேண்ட்சாவில் (நாடா ரம்பத்தில்) வெட்டும்போது கோட்டுக்கு வெளியே 1 முதல் 2 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள், மிச்சத்தை மட்டும் டெம்ப்ளேட்டும் (மாதிரி அச்சு) அதன் ஓரத்தைத் தொட்டு ஓடும் பேரிங் பிட்டும் எடுக்கட்டும். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் உட்காரும் குழிகளை முதலில் தட்டையான அடியோடு துளையிடும் ஃபோர்ஸ்ட்னர் பிட்டால் தோண்டிவிட்டு, அப்புறம் ரவுட்டரால் ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் இறக்குங்கள். கையால் ஓட்டும் ரவுட்டரை வெளி விளிம்பில் கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையிலும், குழிக்குள் கடிகாரத் திசையிலும் நகர்த்த வேண்டும். திசை சரியாக இருந்தாலும் பாடியின் கொம்பு வளைகிற இடத்தில் பிட் குறுக்கு ரேகைக்குள் நுழையும்போது மரம் பிய்த்துக்கொண்டு வரும், அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லிசாகச் சீவுங்கள். நெக் உட்காரும் குழியின் ஆழம் சுமார் 16 மில்லிமீட்டர். திருகு போடாமல் நெக்கைச் செருகி, அதைப் பிடித்தே பாடியைத் தூக்கிப் பார்ப்பார் எங்கள் ஆசிரியர். விழாமல் நின்றால் தலையாட்டுவார். ஆனால் அவ்வளவு இறுக்கமான குழிக்குள் லாக்கர் போய்விட்டால் அப்புறம் நெக் நுழையாது. அதனால் குழியை டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள்.

ஃப்ரெட் கணக்கு வைவாவில் கட்டாயம் வரும். நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கத்தில் தந்திகள் உட்காரும் துண்டு) பிரிட்ஜ் வரை 648 மில்லிமீட்டர் என்றால் அதை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் 36.37-இல் விழும். மீதியை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது, இப்படியே போய் பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 324-இல் நிற்கும். கணக்குப் போடுவது அப்படி. ஆனால் மரத்தில் குறிக்கும்போது ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளக்கவே கூடாது, எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும், இல்லையென்றால் சின்னச் சின்னப் பிசகெல்லாம் சேர்ந்து மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி போய்விடும். ஏன் என்று கேட்பார்கள். பிரிட்ஜில் தந்தி உட்காரும் சாடில் ஏன் 648-ஐத் தாண்டிக் கொஞ்சம் பின்னால் நிற்கிறது என்றும் கேட்பார்கள். அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி ஏறுகிறது, அதை ஈடுகட்டத்தான்.

இனி தேய்ப்பு. இதில்தான் எல்லோரும் சலித்துப்போகிறார்கள், பாதி மார்க் இங்கேதான் இருக்கிறது. 120 உப்புத்தாளில் தொடங்கி 180, 220, தேவைப்பட்டால் 320 வரை. எந்த எண்ணையும் தாண்டிக் குதிக்காதீர்கள், 120 விட்ட கோடுகளை 320 ஜென்மத்துக்கும் எடுக்காது. கடைசித் தேய்ப்பு எப்போதும் ரேகையோடு. அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சை மரத்தின்மேல் கிட்டத்தட்டப் படுக்கவைத்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் வழவழப்பாகத் தெரிந்த இடத்தில் குறுக்குக் கீறல்கள் வரிசையாகத் தெரியும். அவற்றை அப்படியே விட்டுச் சாயம் பூசினால் ஒவ்வொரு கீறலும் சாயத்தைக் குடித்து இருண்ட கோடாக நிற்கும், மேலே எத்தனை கோட் லாக்கர் போட்டாலும் மறையாது. தண்ணீர்ச் சாயம் என்றால் முதலில் ஈரத்துணியால் துடைத்து, எழும்பும் நாரைக் காயவைத்து லேசாகத் தேய்த்துவிடுங்கள். மஹாகனி, ஆஷ் இரண்டுக்கும் துளைகள் பெரிது, அவற்றை நிரப்பும் கிரெயின் ஃபில்லர் வேண்டும். ஆல்டருக்கும் மேப்பிளுக்கும் தேவையில்லை.

மழை நாளில் ஸ்ப்ரே செய்யாதீர்கள். தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பு குளிரும், காற்றின் ஈரம் அதில் படிந்து லாக்கர் வெள்ளையாகப் பூத்துவிடும். கரிம ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடி கண்டிப்பாக வேண்டும், தூசிக்குப் போடும் துணி மாஸ்க் போதாது. காய்ந்தபின் 1000, 1500, 2000 என்று ஈரமாகத் தேய்ப்பார்கள், அதற்கு முன் திருகு ஓட்டைகளை அடைத்துக்கொள்ளுங்கள். ஓட்டைக்குள் தண்ணீர் இறங்கினால் மரம் ஊதி, ஓட்டையைச் சுற்றி லாக்கர் வெடிக்கும். விளிம்புகளில் பூச்சு மெல்லிசு, இரண்டு இழுப்பு அதிகமானால் மரமே தெரிந்துவிடும், அங்கே விரலால் அழுத்தாமல் கட்டை வைத்துத் தேயுங்கள்.

ஃப்ரெட் முனைகளை மதிப்பீட்டுக்கு இரண்டு நாள் முன்பு மறுபடி தடவிப் பாருங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் மரம் காய்ந்து சுருங்கும், உலோகம் சுருங்காது, ஓரத்தில் முள்ளாக நீட்டும். மதிப்பிட்டவர் எதையும் பேசுவதற்கு முன்பே என் நெக்கின் ஓரத்தில் விரலை மேலிருந்து கீழாக ஓட்டினார்.

வைவாவில் மர வணிகம் பற்றிய சட்டமும் வந்தது. ரோஸ்வுட் பேரினம் முழுவதும் 2017 ஜனவரியில் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) கட்டுப்பாட்டுக்குள் வந்தது, முடிந்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அந்த விலக்கு கிடையாது. பாதுகாப்புக் கேள்வியில் பெரும்பாலும் எண்ணெய்த் துணியைப் பற்றிக் கேட்பார்கள்: ஆளிவிதை எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவைக்க வேண்டும் அல்லது தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். குறிப்பேட்டில் இதை எழுதியிருந்தேன், அதனால் அந்தக் கேள்வியை அவர்கள் இரண்டே நிமிடத்தில் தாண்டிவிட்டார்கள்.