வெப்பச் சிகிச்சையால் மாறுவதும் மாறாததும்

சோதனைக்கூடத்துக்கு வரும் டைட்டானியம் வெல்டிங் துண்டுகளோடு பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும்: வெப்பச் சிகிச்சைக்குப் பின் உள்தகைவு (வெல்டிங் குளிரும்போது உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடும் இறுக்கம்) நீங்கிவிட்டதா? விரிசல் விழுந்தால் தாங்குமா என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

6% அலுமினியமும் 4% வனேடியமும் கலந்த டைட்டானியத்தையே எடுத்துக்கொள்வோம். வெல்டிங் பகுதியை மெருகேற்றி, ஹைட்ரோஃபுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவையில் அரித்தால், பெரிய பீட்டா மணிகளின் (மணி என்பது உலோகத்தின் படிகத் துகள்; பீட்டா என்பது உயர் வெப்பநிலைக்குரிய படிக அமைப்பு) எல்லைகள் பல நேரம் வெறுங்கண்ணுக்கே தெரியும். உலோகம் சுமார் 995 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தபோது வளர்ந்தவை அவை. நுண்ணோக்கியில் ஒவ்வொரு மணிக்குள்ளும் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய ஊசிகள். வேகமாகக் குளிர்ந்ததால் உருவான மார்ட்டென்சைட். வலிமை அதிகம், வளைந்துகொடுக்கும் தன்மை குறைவு.

600 டிகிரியை ஒட்டிச் சூடாக்கினால் உள்தகைவு பெருமளவு இறங்கிவிடும். ஆனால் ஊசி வடிவம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஊசிகளுக்கிடையே நுண்ணிய பீட்டா பிரிவதால் சில நேரம் கடினத்தன்மை கூடவும் செய்யும். தகைவு நீங்கியதை வைத்து விரிசலைத் தாங்கும் திறனும் கூடிவிட்டது என்று எழுதித் தர நான் ஒப்புக்கொள்வதில்லை.

700 டிகிரியைத் தாண்டி 800 வரை போகும்போதுதான் ஊசிகள் கரைந்து, ஆல்ஃபா (குறைந்த வெப்பநிலைக்குரிய படிக அமைப்பு) தகடுகளும் அவற்றின் நடுவே மெல்லிய பீட்டாவும் தெளிவாகத் தெரியத் தொடங்கும். தகடுகள் தடிக்கத் தடிக்க விரிசல் நேராக ஓட முடியாமல் திசைமாறும். முறிந்த முகமும் கரடுமுரடாக இருக்கும். வலிமையில் கொஞ்சம் இழப்போம்; அந்த இழப்பு தகும். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இழுவிசைச் சோதனையில் கிடைக்கும் நீட்சியும் முறிவைத் தாங்கும் திறனும் எப்போதும் சேர்ந்தே கூடுவதில்லை.

உலையால் முடியாதவையும் உண்டு. பழைய பீட்டா மணிகளை அந்த வெப்பநிலை சிறிதாக்காது. 995-ஐத் தாண்டினால் அவை இன்னும் பெரிதாகும். வெல்டிங்கின்போது காற்றைத் தடுக்கும் ஆர்கான் வாயுப் பாதுகாப்பு தவறி உள்ளே கரைந்த ஆக்சிஜனும் அப்படித்தான். வெற்றிட உலையில் ஹைட்ரஜன் வெளியேறும், ஆக்சிஜன் வெளியேறாது. அதனால்தான் வெல்டிங்கின் நிறம் பதிவான படத்தைக் கேட்டு வாங்குகிறேன். வெள்ளி நிறமென்றால் நிம்மதி. நீலமோ சாம்பலோ தெரிந்தால், எந்த வெப்பச் சிகிச்சை என்ற பேச்சுக்கே போவதில்லை.

மற்றவற்றுக்கு நான் வற்புறுத்துவது இதுதான்: மாதிரித் துண்டும் வேலைப்பொருளோடு அதே உலையில் போக வேண்டும். முறிவுச் சோதனைக்கான வெட்டு, வெல்டிங்கின் நடுவில் ஒன்றும் வெப்பம் பாதித்த ஓரத்தில் ஒன்றுமாகத் தனித்தனியே இருக்க வேண்டும்.