ரவுட்டருக்குப் பின்னால் ஓபன்பிஎஸ்டி ஃபயர்வால்

ரவுட்டருக்கும் உள் கணினிகளுக்கும் நடுவே, ஓபன்பிஎஸ்டி என்ற இலவச இயங்குதளம் ஓடும் கணினியை ஃபயர்வாலாக (போக்குவரத்தை வடிகட்டும் தடுப்பாக) வைக்க, அதில் இரண்டு நெட்வொர்க் கார்டு வேண்டும். ரவுட்டர் 192.168.1.0/24 கொடுக்கிறது என்றால், உள்பக்க கார்டுக்கு 192.168.10.1/24 மாதிரி வேறு சப்நெட் (முகவரித் தொகுதி) வையுங்கள். இரு பக்கமும் ஒரே சப்நெட் என்றால் பாக்கெட்டை எந்தக் கார்டு வழியாக அனுப்புவது என்று ரூட்டிங் குழம்பிவிடும்; பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். வெளிக் கார்டு ரவுட்டரிடமே டிஎச்சிபியில் (தானாக முகவரி தரும் முறை) முகவரி வாங்கட்டும், ஆனால் எப்போதும் அதே முகவரி வரும்படி ரவுட்டரில் ரிசர்வ் செய்துவிடுங்கள்.

கர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல்லில் ஐபி ஃபார்வர்டிங்கை (ஒரு கார்டில் வரும் பாக்கெட்டை மறு கார்டுக்குக் கடத்துவது) 1 ஆக்கி, ஓபன்பிஎஸ்டியின் ஃபயர்வாலான பிஎஃப்பின் விதிகளில் வெளிக் கார்டுக்கு நாட் (உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றுவது) எழுதுங்கள். விதிகளை ஏற்றுமுன் 'பிஎஃப்சிடிஎல் -என்எஃப்' கட்டளையோடு விதிக் கோப்பின் பெயரைக் கொடுத்து அதில் பிழை பாருங்கள். விதியை எழுதும் முறையில் உள்ள பிழையைத்தான் அது பிடிக்கும். எஸ்எஸ்எச்சையே (வேறு கணினியிலிருந்து இதற்குள் நுழையும் வழி) அடைத்துவிடும் விதியைப் பிடிக்காது. அதனால் கீபோர்டும் திரையும் பக்கத்தில் இருக்கட்டும்.

ரவுட்டரும் நாட் செய்வதால் இப்போது நாட் இரண்டு அடுக்கு. உள்ளே சர்வர் இருந்தால் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை அந்த சர்வருக்குத் திருப்புவது) ரவுட்டர், ஃபயர்வால் இரண்டிலும் வேண்டும். ரவுட்டரின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அதில் இணையும் போன் ஃபயர்வாலுக்கு வெளியேதான் நிற்கும்.